மௌனத்துக்குக் கிடைத்த தண்டனை

அமெரிக்காவில் உதைபந்தாட்டம் என்று சொன்னால், நாம் அறிந்த உதைபந்தாட்டத்தை அங்கே எவரும் நினைப்பதில்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை மோதி வீழ்த்தியும் ஆடும் ஆட்டமே அவர்களுடைய உதைபந்தாட்டம். எங்கள் கண்ணுக்கு அது ரக்பியின் ஒன்றுவிட்ட சகோதரன் போலத் தோன்றும். 1920ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, என்.எப்.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய உதைபந்தாட்ட லீக்கே அந்த ஆட்டத்தின் தொழில்முறை அணிகளை ஆளும் அமைப்பு. இன்று உலகிலேயே அதிக வருமானம் ஈட்டும் விளையாட்டு அமைப்பு அதுவே.

அந்த அமைப்பின் வரலாற்றில் 1946ஆம் ஆண்டு இறுதிப் போட்டிக்குத் தனியிடம் உண்டு. அந்த ஆட்டத்தில் உண்மை சொன்ன வீரர் வெளியே நிறுத்தப்பட்டார். பொய் சொன்ன வீரர் மைதானத்தில் இறங்கி ஆடினார். நான்கு மாதங்களின் பின்னர் இருவருக்கும் ஒரே தண்டனை வழங்கப்பட்டது. இருவரும் இலஞ்சம் வாங்கியதாக எந்தச் சான்றும் இருக்கவில்லை. வாங்கும்படி கேட்கப்பட்டதை வாய்திறந்து சொல்லாமல் இருந்ததே அவர்கள் செய்த குற்றம்.

ஆரூடம் விலைபொருளான விதம்

இந்தக் கதையைப் புரிந்துகொள்வதற்கு, அமெரிக்கச் சூதாட்டத்தில் அக்காலத்தில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்ப் 'புக்கி'களில் இங்கிலாந்துக் குதிரைகள் மீது பந்தயம் கட்டியவர்களைக் கண்டவர்களுக்கு விகிதக் கணக்கு பழக்கமானது. பல குதிரைகள் ஓடும்போது அந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் இரண்டே அணிகள் மோதும் ஆட்டத்தில், ஓர் அணி மிகப் பலமானதாக இருந்தால், பலவீனமான அணி மீது பணம் கட்ட ஆள் கிடைப்பது அரிது. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகப் 'புள்ளி இடைவெளி' என்ற முறை 1940களில் பரவலாயிற்று. கணித ஆசிரியராக இருந்து பின்னர் சிக்காகோவில் பந்தயத் தொழிலில் இறங்கிய சார்ள்ஸ் மக்னீல் என்பவரே இதை உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

முறை எளிமையானது. பலமான அணி பத்துப் புள்ளிகளால் வெல்லும் என்று பந்தயம் பிடிப்பவர் அறிவிக்கிறார் என வைத்துக்கொள்வோம். அந்த அணி மீது பணம் கட்டியவருக்கு, அது பத்துக்கு மேற்பட்ட புள்ளிகளால் வென்றால்தான் இலாபம். பலவீனமான அணி மீது கட்டியவருக்கு, அது தோற்றாலும் பரவாயில்லை, ஒன்பது புள்ளிகளுக்குள் தோற்றால் போதும். சரியாகப் பத்து என்றால் பணம் திருப்பிக் கொடுக்கப்படும். பத்து டொலர் வெல்வதற்குப் பதினொரு டொலர் கட்ட வேண்டும் என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற வழமை. அந்த மேலதிக டொலரே தொழில் நடத்துபவரின் கூலி. ஆகவே அவருக்கு ஆரூடம் பலிக்க வேண்டிய அவசியம் இல்லை. இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பணம் விழுந்தால் போதும்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. முன்னர் ஒரு வீரரை விலைக்கு வாங்குவதென்றால், 'தோற்றுவிடு' என்று கேட்க வேண்டும். மானமுள்ள வீரர் அதற்கு இலகுவில் இணங்கமாட்டார். இப்போது அப்படிக் கேட்கத் தேவையில்லை. வெல்லப்போகும் அணியின் வீரரிடம் 'கொஞ்சம் குறைவாக வெல்' என்றும், தோற்கப்போகும் அணியின் வீரரிடம் 'எப்படியும் தோற்கத்தானே போகிறீர்கள், இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தோற்றுவிடு' என்றும் கேட்டால் போதும். மனச்சாட்சியை ஏமாற்ற வசதியான கோரிக்கை அது. 1946 டிசம்பரில் நியூயோர்க்கில் கேட்கப்பட்டது இரண்டாவது வகைக் கோரிக்கை.

சனிக்கிழமை இரவு

அந்த ஆண்டின் இறுதிப் போட்டி நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணிக்கும் சிக்காகோ பெயார்ஸ் அணிக்கும் இடையே, டிசம்பர் 15ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடைபெறவிருந்தது. அதே பருவத்தில் ஏற்கனவே ஒரு தடவை ஜயன்ட்ஸ் 14-0 என்ற கணக்கில் பெயார்ஸை வீழ்த்தியிருந்தது. ஆயினும் பந்தயச் சந்தை பெயார்ஸையே நம்பியது. பத்துப் புள்ளிகள் இடைவெளி என்பதே அறிவிக்கப்பட்ட ஆரூடம்.

ஜயன்ட்ஸ் அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர் பிராங்க் பில்சொக். பந்தை ஏந்தி ஓடும் வீரர்களில் ஒருவர் மேர்ல் ஹேப்ஸ். இந்த இருவரோடும் அல்வின் பாரிஸ் என்ற 28 வயது இளைஞர் நட்புக்கொண்டார். விருந்துகளுக்கு அழைத்தார், இரவு விடுதிகளுக்குக் கூட்டிச்சென்றார். தக்க தருணம் வந்ததும் விஷயத்தை எடுத்தார். பெயார்ஸ் பத்துக்கு மேற்பட்ட புள்ளிகளால் வெல்ல உதவினால், ஆளுக்கு 2,500 டொலர் பணம், அவர்களுடைய பெயரில் 1,000 டொலர் பந்தயம், பருவம் முடிந்ததும் நல்ல வருமானத்தில் வேலை என்பதே அவர் வைத்த பேரம். இருவரும் அதை ஏற்கவில்லை. ஆனால் பயிற்றுநரிடமோ, அணி உரிமையாளரிடமோ, பொலிஸாரிடமோ சொல்லவுமில்லை.

அல்வின் பாரிஸின் தொலைபேசியைப் பொலிஸார் ஏற்கனவே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தனர் என்பது அவருக்கும் தெரியாது, வீரர்களுக்கும் தெரியாது. ஆட்டத்துக்கு முதல்நாள் விவகாரம் நகர முதல்வர் வில்லியம் ஓட்வயரிடம் போனது. அணியின் உரிமையாளர்களும், லீக்கின் ஆணையாளர் பேர்ட் பெல்லும் அழைக்கப்பட்டனர். இரு வீரர்களும் விசாரிக்கப்பட்டனர். பேரம் பேசப்பட்டது உண்மை என்று ஹேப்ஸ் ஒப்புக்கொண்டார். தன்னிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை என்று பில்சொக் மறுத்தார். அன்றிரவே அல்வின் பாரிஸ் கைதுசெய்யப்பட்டார்.

விடிந்தால் இறுதிப் போட்டி. ஆணையாளர் பெல் அப்பதவிக்கு வந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. அதே 1946இல் போட்டி லீக் ஒன்றும் தொடங்கி, வீரர்களையும் இரசிகர்களையும் இழுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கர்களின் நினைவில் இன்னொரு வடுவும் இருந்தது. 1919ஆம் ஆண்டு பேஸ்போல் இறுதித் தொடரை விற்றுவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிக்காகோ வைட் சொக்ஸ் அணியின் எட்டு வீரர்கள், 1921இல் நீதிமன்றம் விடுவித்த பின்னரும், ஆயுட்காலத் தடைக்கு உள்ளானார்கள். அந்தக் கறையைக் கழுவப் பேஸ்போலுக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. தனது லீக்குக்கும் அதே கதி வந்துவிடுமோ என்று பெல் அஞ்சியதில் வியப்பில்லை.

அவர் எடுத்த முடிவு இதுதான். பேரம் பற்றித் தெரிந்திருந்ததாக ஒப்புக்கொண்ட ஹேப்ஸ் ஆடக்கூடாது. எதுவும் தெரியாது என்று சொன்ன பில்சொக் ஆடலாம். கையில் இருந்த வாக்குமூலங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த முடிவில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் உண்மை பேசியவன் உடை மாற்றும் அறையோடு நிற்க, மறைத்தவன் மைதானத்துக்குப் போனான் என்பதும் மறுக்க முடியாதது.

மூக்குடைந்த வீரர்

செய்தி அதற்குள் நகரெங்கும் பரவிவிட்டது. 58,346 பேர் மைதானத்தில் திரண்டனர். இறுதிப் போட்டியொன்றுக்கு அதுவரை வந்திராத கூட்டம் அது.

பெயார்ஸ் முதலாவது கால்பகுதியிலேயே இரண்டு தடவை எல்லைக்கோட்டைக் கடந்து 14 புள்ளிகளைப் பெற்றது. இரண்டாவது தடவை பெற்ற புள்ளிகள், பில்சொக் எறிந்த பந்தை எதிரணி வீரர் இடைமறித்துப் பிடித்து ஓடியதால் கிடைத்தவை. மைதானத்தில் இருந்த எத்தனை பேர் அந்தக் கணத்தில் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஆட்டத்தில் பில்சொக்கின் எறிகளில் ஆறு எதிரணியினரின் கைக்குப் போயின. வேறொரு நாளில் அது ஒரு வீரரின் மோசமான நாள் என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அன்று ஒவ்வொன்றும் சாட்சியம் போலத் தோன்றியது. ஆனால் அதே மனிதர்தான் மூக்கு உடைந்த நிலையிலும் வெளியேறாமல் ஆடினார். ஜயன்ட்ஸ் பெற்ற இரண்டு டச்-டவுன்களும் அவர் எறிந்த பந்துகளால் கிடைத்தவையே. நான்காவது கால்பகுதி தொடங்கியபோது ஆட்டம் 14-14 என்று சமநிலையில் நின்றது. விலைபோன ஒருவர் செய்யும் காரியம் அல்ல அது.

இறுதிப் பகுதியில் பெயார்ஸின் தலைசிறந்த வீரர் சிட் லக்மன் பந்தைச் சக வீரரிடம் கொடுப்பதுபோலப் பாவனைகாட்டி, தானே 19 யார் ஓடி எல்லையைக் கடந்தார். பின்னர் ஓர் உதை மூலம் மேலும் மூன்று புள்ளிகள் கிடைத்தன. ஆட்டம் 24-14 என்று முடிந்தது.

வித்தியாசம் சரியாகப் பத்து. பந்தயச் சந்தையின் ஆரூடம் புள்ளி பிசகாமல் பலித்தது. பத்துக்கு மேல் வேண்டும் என்று பேரம் பேசிய கும்பலுக்கோ எதுவும் கிடைக்கவில்லை.

ஒரே தராசு

1947 ஜனவரியில் அல்வின் பாரிஸ் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய பில்சொக், தன்னிடமும் பேரம் பேசப்பட்டது என்று அங்கே ஒப்புக்கொண்டார். அல்வின் பாரிஸ் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவர் வெறும் முகவரே என்பதும் தெரியவந்தது. கூடைப்பந்தாட்ட வீரர்களுக்கு இலஞ்சம் கொடுத்த வழக்கில் ஏற்கனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஹார்வி ஸ்டெமர் என்பவர், சிறைக்காவலில் இருந்துகொண்டே தொலைபேசி மூலம் இந்தச் சதியையும் நடத்தியிருந்தார். அவரோடு டேவிட் கிரகோவர், ஜெரோம் சரோவிட்ஸ் ஆகியோரும் தண்டிக்கப்பட்டனர். சரோவிட்ஸ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பின்னர் மீண்டும் வருவார்.

1947 ஏப்ரலில் பெல் இரு வீரர்களையும் காலவரையறையின்றி இடைநிறுத்தினார். உண்மையை முதல் இரவிலேயே சொன்னவருக்கும், சாட்சிக் கூண்டில் ஏறும்வரை மறைத்தவருக்கும் ஒரே தராசு. பில்சொக் கனடாவுக்குப் போனார். அங்கே 1949இல் மொன்றியல் அலுவெற்ஸ் அணியை கிரே கிண்ணத்தை வெல்லும் நிலைக்கு இட்டுச்சென்றார். 1950இல் அவர் மீதான தடை நீக்கப்பட்டது. 1960இல் டென்வர் புரோங்கோஸ் அணி உருவானபோது அதன் முதலாவது தலைமைப் பயிற்றுநராகவும் அவர் அமர்ந்தார். ஹேப்ஸுக்கான தடை 1954 வரை நீடித்தது. அவர் என்.எப்.எல்.லில் மறுபடி ஆடவேயில்லை.

பெல்லின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விளையாட்டு அமைப்பொன்று இரசிகனுக்கு விற்பது நிச்சயமின்மையை. முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது என்ற ஐயம் எழுந்தால் விற்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது. பேரம் பேசப்பட்டதை மறைக்கும் வீரர், பேரம் பேசியவருக்கு அறிந்தோ அறியாமலோ பாதுகாப்பளிக்கிறார். இந்தக் கொள்கை பின்னர் உலகெங்கும் பரவியது. நமக்கு நன்கு தெரிந்த கிரிக்கெட்டில், 2019 ஒக்டோபரில் பங்களாதேஷ் அணித் தலைவர் ஷகிப் அல் ஹசனுக்கு சர்வதேச கிரிக்கெட் சபை தடை விதித்தது, அவர் ஆட்டத்தை விற்றதற்காக அல்ல. தரகர் அணுகியதை அறிவிக்காமல் விட்டதற்காகவே.

பெல் அத்துடன் நிற்கவில்லை. முன்னாள் எப்.பி.ஐ. அதிகாரிகளைக் கொண்டு சூதாட்டத் தொடர்புகளைக் கண்காணித்தார். காயமடைந்த வீரர்களின் பட்டியலை ஒவ்வொரு அணியும் முன்கூட்டியே வெளியிடும் வழக்கத்தையும் 1947இல் தொடக்கிவைத்தார். எந்த வீரருக்குக் கால் வலி, எவர் ஆடமாட்டார் என்ற உட்செய்தி பந்தயக்காரருக்குப் பொன் போன்றது. எல்லோருக்கும் சொல்லிவிட்டால் அதற்கு விலை இல்லாமற்போகும் என்பது அவரது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் பந்தயம் கட்டுபவர்கள் வாரந்தோறும் முதலில் தேடும் ஆவணமாக அந்தப் பட்டியலே மாறியது.

ஹோர்னுங், கராஸ், நேமத்

பெல்லுக்குப் பின் 1960இல் ஆணையாளரான பீட் ரொசெல் அதே பாதையில் சென்றார். 1963 ஏப்ரலில் கிறீன் பே பெக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் போல் ஹோர்னுங், டெற்றொயிற் லயன்ஸ் அணியின் அலெக்ஸ் கராஸ் இருவரையும் பந்தயம் கட்டியமைக்காக அவர் இடைநிறுத்தினார். லயன்ஸ் அணியின் வேறு ஐந்து வீரர்களுக்கு ஆளுக்கு 2,000 டொலர் அபராதம். 1962ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் பெக்கர்ஸ் வெல்லும் என்று ஆளுக்கு 50 டொலர் கட்டியதே அவர்களுடைய குற்றம். தங்கள் அணி ஆடாத ஆட்டத்தில், தொலைக்காட்சி முன் அமர்ந்து கட்டிய பணம். தமது அணியைத் தோற்கடிக்க எவரும் முயன்றதாகச் சான்று இல்லை. ஹோர்னுங்கும் கராஸும் 1964இல் திரும்பி வந்தனர். ஹோர்னுங் 1986இலேயே புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். கராஸ் சேர்க்கப்பட்டது 2020இல். அப்போது அவர் இறந்து எட்டு ஆண்டுகள்.

ஜோ நேமத்தின் கதை வேறு விதமானது. 1969 ஜனவரியில் மூன்றாவது சூப்பர் போல் இறுதிப் போட்டிக்கு, போல்டிமோர் கோல்ட்ஸ் அணி 18 புள்ளிகளால் வெல்லும் என்பது சந்தையின் ஆரூடம். ஆட்டத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்னர், நியூயோர்க் ஜெற்ஸ் அணியின் இளம் வீரரான நேமத், வெற்றி தமதே என்று பொதுமேடையில் உத்தரவாதம் கொடுத்தார். பலர் சிரித்தனர். ஜெற்ஸ் 16-7 என்று வென்றது. அதே ஆண்டு ஜூனில், அவர் பங்காளியாக இருந்த மதுச்சாலைக்குச் சூதாட்டக்காரர்கள் வந்துபோகிறார்கள் என்று சொல்லி, பங்கை விற்றுவிடும்படி ரொசெல் கட்டளையிட்டார். நேமத் கண்ணீர்விட்டு ஓய்வை அறிவித்தார். சில வாரங்களில் பங்கை விற்றுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். தன் அணியின் வெற்றியைத் தானே ஆரூடம் சொல்வது வீரம் என்று கொண்டாடப்பட்டது. ஆரூடத்தை விலைபேசும் மனிதர்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது குற்றமாயிற்று.

கதவு திறந்தது

பல தசாப்தங்களாக என்.எப்.எல். இந்தப் பிடியைத் தளர்த்தவில்லை. லாஸ் வேகாஸ் நகரின் சுற்றுலா விளம்பரத்தைக்கூட 2003 சூப்பர் போல் ஒளிபரப்பில் அனுமதிக்க மறுத்தது. நியூ ஜேர்சி மாநிலம் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்க முயன்றபோது, ஏனைய விளையாட்டு அமைப்புகளுடன் சேர்ந்து 2012இல் வழக்குத் தொடுத்தது. 2018 மே 14ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி வழங்குவதைத் தடுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாதது எனத் தீர்த்தது.

அதன் பின் நடந்தவை வேகமானவை. 2019 ஜனவரியில் என்.எப்.எல். தனது முதலாவது அதிகாரபூர்வச் சூதாட்டவிடுதி அனுசரணையாளரை அறிவித்தது. சீசர்ஸ் என்பது அதன் பெயர். 2020இல் ரெய்டர்ஸ் அணி லாஸ் வேகாஸுக்குக் குடிபெயர்ந்தது. 2021இல் மூன்று பெரிய பந்தய நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. 2024 பெப்ரவரியில் சூப்பர் போல் இறுதிப் போட்டியே லாஸ் வேகாஸில் நடந்தது.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயரை இங்கே எடுக்கலாம். 1946 சதிக்காகச் சிறை சென்ற ஜெரோம் சரோவிட்ஸ், 1966இல் லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பலஸ் திறக்கப்பட்டபோது அதன் சூதாட்டப் பகுதியை நடத்திய முக்கியஸ்தர்களில் ஒருவர். விடுதியின் உரிமை அதற்குப் பின் பல கைகள் மாறிவிட்டது. இன்றைய நிறுவனத்துக்கும் அந்த மனிதருக்கும் தொடர்பு இல்லை. ஆயினும், எந்தச் சதிக்காக இரண்டு வீரர்களின் வாழ்வு குலைந்ததோ, அதில் தண்டிக்கப்பட்டவர் தொழில் நடத்திய விடுதியின் பெயர் என்.எப்.எல்.லின் அனுசரணையாளர் பட்டியலில் இடம்பெற்றதை வரலாறு குறித்துக்கொள்ளவே செய்யும்.

வீரர்களுக்கான விதி மட்டும் மாறவில்லை. அட்லாண்டா பல்கன்ஸ் வீரர் கல்வின் ரிட்லி, மனநலக் காரணங்களுக்காக அணியைப் பிரிந்திருந்த நாட்களில் தொலைபேசியில் பந்தயம் கட்டியமைக்காக 2022 பருவம் முழுவதையும் இழந்தார். தான் கட்டிய தொகை 1,500 டொலர் என்று அவரே சொன்னார். 2023இல் மேலும் பத்துப் பேர் வரை தண்டிக்கப்பட்டனர். தொலைக்காட்சியில் ஆட்டத்தின் இடைவேளை தோறும் பந்தயம் கட்டும்படி அழைப்பு வருகிறது. அந்த ஆட்டத்தை ஆடுபவர் மட்டும் அந்த அழைப்புக்குச் செவிசாய்க்கக் கூடாது.

வீரர் தன் ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டக்கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அந்த விதி அவசியமானது. ஆனால் விதியின் அறத்தைச் சுமக்கும் பொறுப்பு எவருடைய தோளில் வைக்கப்படுகிறது என்பதே கேள்வி. 1946இல் லீக் தன் நேர்மையைக் காப்பதற்காக ஹேப்ஸின் தொழிலைப் பலியிட்டது. அந்தப் பலிக்குரிய நியாயம், லீக்கும் சூதாட்டத்தை விட்டு விலகி நிற்கும் என்பதில் தங்கியிருந்தது. அந்த வாக்குறுதியை லீக் தன் பங்குக்குத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டது.

உண்மையைச் சொல் என்று வீரர்களிடம் கேட்கும் அமைப்பு, உண்மையைச் சொன்னவருக்கு ஒரு சிறு சலுகையாவது காட்டியிருக்க வேண்டும். ஹேப்ஸ் பிந்தியேனும் சொன்னார். பில்சொக் அப்போதும் சொல்லவில்லை. இருவரையும் ஒரே வரியில் எழுதித் தண்டித்தபோது, அடுத்து அணுகப்படும் வீரருக்கு லீக் என்ன பாடத்தைக் கற்பித்தது? முதல் நாளே சொல், இல்லையேல் ஒருபோதும் சொல்லாதே என்பதையே. அந்தப் பாடத்தின் இரண்டாவது பாதியைத்தான் சூதாட்டத் தரகர்கள் அன்றும் இன்றும் விரும்புவர்.